மோதிர விரலில் ஒரு கெளுத்தி

நிச்சயதார்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளை என்னென்ன செய்யக் கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சொல்லித் தந்திருந்தாலும், வாய்க்காலில் இறங்கி மீன் பிடிக்காதே என்று சொல்ல எந்தப் பெரியவருக்கும் தோன்றியிருக்காது. அப்படி ஒரு முட்டாள் பிறப்பான் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பிறந்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் என் வாய்தான் காரணம். பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சுகன்யாவும் நானும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். அவள் பூதலூர். நான் குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமம் (வேலை சென்னையில், மீன் என்றால் தட்டில் பார்த்த பழக்கம்தான்). அவள் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறாள் என்று தெரிந்ததும் அளக்க ஆரம்பித்தேன்.

"கடையில விக்கிறதெல்லாம் ஒரு மீனாங்க? எங்க வாய்க்கால் கெண்டையைப் பாக்கணும். வாலுகிட்ட பொட்டு வச்ச மாதிரி கறுப்பா புள்ளி இருக்கும். நிச்சயத்தன்னைக்கு நானே பிடிச்சு எடுத்துட்டு வரேன்."

"பிடிக்கிறதா இருந்தா கொசுவலையால வாரி எடுங்க. சேத்துல கையை விட்டுத் தடவாதீங்க, கெளுத்தி கெடக்கும்" என்றாள்.

நான் சிரித்தேன். எனக்கே சொல்லித் தருகிறாளாம்.

அது வைகாசி மாதம். ஆற்றில் தண்ணீர் நின்று வெகுநாளாகியிருந்தது. வாய்க்கால் முழுக்க வெடித்துக் கிடக்க, மதகுக்குக் கீழே மட்டும் முழங்காலளவு குட்டை ஒன்று மிஞ்சியிருந்தது. ஊரில் உயிரோடிருந்த மீனெல்லாம் அதில்தான் நெருக்கியடித்துக் குடியிருந்தது. விடிந்ததும் சித்தப்பா மகன் செந்திலின் பைக்கில் அங்கே போய் இறங்கினேன். ஏழு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை என்பதால், பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றி மோதிரமும் போட்டுவிட வேண்டும் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். சொன்னது சுகன்யாவின் அத்தை. முன்பு வந்த ஒரு வரனை, வாசலில் மாப்பிள்ளையின் செருப்பு அறுந்தது என்பதற்காகவே சகுனம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

முதல் வாரலிலேயே கொசுவலையில் ஒரு கெண்டை வந்தது. புள்ளியும் இருந்தது. பாட்டிலில் விட்டேன். மனிதனாக இருந்தால் அத்தோடு கரையேறியிருப்பான். ஜோடியாகக் கொடுத்தால் அழகாக இருக்குமே என்று எனக்குத் தோன்றியது. வலையில் சேறு அப்பிக்கொண்டதால் அதைத் தூக்கிக் கரையில் எறிந்துவிட்டு, வலது கையைச் சேற்றுக்குள் விட்டுத் தடவினேன்.

கொள்ளிக்கட்டையை விரலுக்குள் செருகியது போல இருந்தது. கத்திக்கொண்டே கையை வெளியே இழுத்தேன். கையோடு மீனும் வந்தது. சாண் நீளக் கெளுத்தி, மீசையும் தானுமாக, மோதிர விரலில் முள்ளை ஏற்றிவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உதறாதண்ணே, முள்ளுல ரம்பப் பல்லு இருக்கு. உள்ள முறிஞ்சா வெட்டித்தான் எடுக்கணும்" என்று செந்தில் ஓடி வந்தான். வந்தவன் விரலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, மோதிர விரலாண்ணே?" என்றான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

குடவாசல் ஆஸ்பத்திரிக்குப் பைக்கில் போனோம். மீனைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தேன். அது சாகவில்லை. வழியெல்லாம் துண்டுக்குள்ளிருந்து கொர் கொர் என்று சத்தம் போட்டது. சட்டைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, அம்மாதான். வலி தோள்பட்டை வரைக்கும் ஏறிவிட்டது. வலியைவிட எனக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. இந்தப் பெண் கைநழுவிப் போனால் நான் தாங்க மாட்டேன் என்பது, கெளுத்தியை மடியில் வைத்துக்கொண்டு போகும்போதுதான் எனக்கே தெரிந்தது.

துண்டை விலக்கிய நர்ஸம்மா, "ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல பாக்குறது?" என்றார். (எனக்குத்தான் பார்த்தார்கள்.) டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை எடுத்து, கட்டுக் கட்டி அனுப்பினார். விரல் கத்திரிக்காய் போல வீங்கியிருந்தது.

வேன் தாமதமாகத்தான் கிளம்பியது. என்ன சொல்வது என்று வழியிலேயே அம்மா முடிவு செய்துவிட்டாள்.

"கேட்டா வேன் கதவு நசுக்கிடுச்சுன்னு சொல்லு. அந்த அத்தை காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. நல்ல நாளும் அதுவுமா மீன் பிடிக்கப் போயி ரத்தம் பாத்துட்டு வந்தோம்னு தெரிஞ்சா தட்டைத் தொடவே விட மாட்டாங்க."

பூதலூர் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் நெருங்கிவிட்டது. அவசர அவசரமாகத் தட்டு மாற்றினார்கள். நான் கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு, ஜுரம் வந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். மோதிரத்தை எடுத்துக்கொண்டு சுகன்யா எதிரே வந்தாள். வேறு வழியில்லாமல் கையை நீட்டினேன்.

"என்ன கட்டு?" என்றார் அத்தை.

"வேன் கதவுங்க."

சுகன்யா குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, "வேன் கதவுக்கு மீசை இருந்துச்சா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அத்தையின் பார்வை சீர்த்தட்டுகள் பக்கம் போனது. அங்கே ஆப்பிளுக்கும் பூப்பந்துக்கும் நடுவில் கெண்டை நீந்திக்கொண்டிருந்தது. அண்ணன் இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்தது வீணாகக் கூடாது என்று செந்தில் பாட்டிலைப் பொறுப்பாக அடுக்கியிருந்தான். அத்தை பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என் கட்டைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா யாரு இதைக் கேட்டது?"

"நான்தான் அத்தை கேட்டேன்" என்றாள் சுகன்யா. "முடியாதுன்னு சொல்லத் தெரியாம போயிப் பிடிச்சுட்டு வந்திருக்காங்க."

அவள் கேட்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. விரல் வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். "வலது கையா இருந்தா சரி. எந்த விரலா இருந்தா என்ன, சீக்கிரம் போடு. ராகுகாலம் வந்துடும்" என்றார். சுகன்யா ஆள்காட்டி விரலில் மோதிரத்தைப் போட்டு அழுத்தினாள். சாயங்காலத்துக்குள் வீக்கம் கை முழுக்கப் பரவி, மோதிரம் அங்கேயே இறுகிக்கொண்டது. பிறகு வீக்கம் வடிந்தும் நான் விரலை மாற்றவில்லை.

அதனால் எங்கள் வீட்டில் நான் ஒரு சண்டையிலும் ஜெயித்ததில்லை. கோபத்தில் குரலை உயர்த்தி விரலை நீட்டினால் மோதிரம்தான் முன்னால் போய் நிற்கிறது. சுகன்யா அதைப் பார்ப்பாள்.

"சொல்லுங்க, வேன் கதவு" என்பாள்.

என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கு மறந்துபோகும்.