கங்காணி கையைத் தூக்கினால்

தெலுக் இந்தானில் வெயிலையும் கொசுவையும் ஒருங்கே ஆண்டுவரும் என் மூத்த சகோதரி திருமதி மோகனா அவர்களின் சமூகத்துக்கு, கேமரன் மலையின் முன்னாள் கங்காணியும் இந்நாள் மாணவனுமாகிய தங்கள் ஒரே தம்பி வேலப்பன் பணிந்து எழுதுவது.

இங்கு நானும் அன்பரசியும் நலம். வீட்டுக் கூரையும் பெரும்பாலும் நலம். சென்ற வாரக் காற்றில் ஒரு தகரம் மட்டும் திரிங்காப் பக்கம் முட்டைக்கோஸ் பார்க்கப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று நம்புகிறோம். குளிர் வழக்கம்போல. காலையில் கொட்டாவி விட்டால் அது உறைந்து காலில் விழுகிறது. தாங்களும் மச்சானும் தங்கள் இருவரின் முழங்கால்களும் நலமாக இருக்க மாரியம்மன் அருள் புரியட்டும்.

விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி வருவது வழக்கு. எதிரி யாரென்றால், தாங்கள் பெற்று, தாய்மாமனாகிய நான் மடியில் வைத்துக் காது குத்தி, அன்றே என் பட்டு வேட்டியை நனைத்த தங்கள் திருமகள் தனுஜா. அவள் இங்கே எங்கள் வீட்டில் தங்கி, எஸ்டேட்டில் ஓய்வு பெற்றவர்களுக்குப் போன் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். நல்ல காரியம், மறுக்கவில்லை. இப்போது எல்லாச் சேதியும் போனில்தான் வருகிறது. தண்ணீர் நிற்கும் நாள், பஸ் வராத நாள், கிளினிக் தேதி, எல்லாம். என்னுடைய பழைய கூட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த தவமலருக்குக் கண் ஆபரேஷன் தேதி மலாய் மொழியில் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுகிறவர்களின் வேலை என்று நினைத்து அவள் அதை அழித்துவிட்டாள். தேதி போயிற்று. இப்போது ஒரு கண்ணால்தான் உலகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு கண்ணுக்கே ஊரில் எவனும் பொய் சொல்ல முடியவில்லை என்பது வேறு விஷயம்.

வகுப்பு நடக்கும் இடம் பழைய ஆயாக் கொட்டகை. பெண்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற அதே கொட்டகை. அன்று பிள்ளையை அங்கே விட்டவர்களை இன்று பிள்ளைகள் கொண்டுவந்து விடுகிறார்கள். நாற்காலிகளும் அந்தக் காலத்தவை. எனக்குக் கிடைத்ததன் முதுகில் ஒரு வாத்து வரைந்திருக்கிறது. என் உடம்பில் எந்த அரைக்கால் பாகம் அதில் உட்காருவது என்று முதல் நாள் எனக்கும் வாத்துக்கும் பெரிய தகராறு. எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்து, தண்ணீர்க் குழாய் வரை வழியனுப்பிவிட்டுத்தான் பிரிந்தது.

அந்தக் கொட்டகைச் சுவரில் உன் மகள் ஒரு மஞ்சள் அட்டையை ஒட்டினாள். (அக்கா, தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனிமேல் நீதான்.) தலைப்பு, மாணவர்களிடம் ஆசிரியரின் எதிர்பார்ப்புகள். "இது சட்டம் இல்ல மாமா, எதிர்பார்ப்பு" என்றாள். மலையில் ஆள் மேய்த்த எனக்கு இரண்டு எதிர்பார்ப்புதான் தெரியும்: மழை வரக் கூடாது, துரை வரக் கூடாது. இவளுடையதோ ஒரு ராஜாங்கத்தையே நடத்தலாம் போலிருந்தது. வாசலில் சத்தமில்லாமல் வரிசையில் நிற்க வேண்டும். வெற்றிலை போடக் கூடாது. பாடம் நடக்கும்போது போனில் யாரிடமும் சாம்பார் வைப்பது எப்படி என்று கேட்கக் கூடாது. அவளைப் பாப்பா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். பேச வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டுமானாலும் கையைத் தூக்கி அனுமதி வாங்க வேண்டும். காலையில் என் வீட்டில் என் பெண்டாட்டி சுட்ட தோசையைத் தின்றுவிட்டு, மாலையில் என்னைப் பார்த்து "சொல்லுங்க, வேலப்பன் ஐயா" என்கிறாள். தோசைக்கு ஒரு நாக்கு, பாடத்துக்கு ஒரு நாக்கு.

போகட்டும். அந்தக் கையைத் தூக்கும் எதிர்பார்ப்பில்தான் மலை சரிந்தது. உனக்கு எங்கள் வேலைமுறை தெரியாதது இல்லை, இருந்தாலும் கீழே போய் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பாய் என்று சொல்கிறேன். எங்கள் சரிவில் அடிக்கிற காற்றில் இங்கே நின்று கத்தினால் சத்தம் கோலா தெர்லாவில் போய்த்தான் விழும், அங்கே தக்காளி பறிக்கிறவன் "யாரு கூப்பிட்டது?" என்று திரும்பிப் பார்ப்பான். அதனால் கங்காணி வாயைத் திறப்பதில்லை. வலது கையைத் தூக்கினால் நிறுவை, பறித்த கொழுந்தை எடைபோடும் நேரம்: கூடையை எடு, பேசாமல் வரிசையில் வா. இரண்டு கையையும் தூக்கினால் குளவி: இருந்த இடத்தில் உட்கார், தலையை மூடு, அசையாதே. வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களோ அத்தனை பேரும் என் பழைய கூட்டம், என் பெண்டாட்டி உட்பட. முதல் வகுப்பில், போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நல்ல மாணவனாக, அட்டையில் இருந்தபடி, வலது கையைத் தூக்கினேன்.

கொட்டகை முழுவதும் எழுந்தது. பையை எடுத்தார்கள், செருப்பை மாட்டினார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை, வரிசையாக வெளியே போனார்கள். வாசலில் தராசைத் தேடினார்கள். தராசு இல்லை. சரி, இன்றைக்கு நிறுவை இல்லை போலிருக்கிறது என்று அவரவர் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டார்கள். உள்ளே டீச்சரும் நானும் வாத்தும் மட்டும்.

"மாமா, இது ஸ்டிரைக்கா?" என்றாள் உன் மகள். சந்தேகம் கேட்டேன் என்று சொன்னால் எந்த ஊரில் நம்புவார்கள். வீட்டுக்கு வந்து அன்பரசியைப் பிடித்தேன்.

"ஏன்டி எந்திரிச்சுப் போன?"

"நீங்க கையத் தூக்குனீங்க."

"அது சந்தேகம் கேக்கத் தூக்குன கை."

"நிறுவைக் கைக்கும் சந்தேகக் கைக்கும் தூரத்துல இருந்து பாத்தா என்னா வித்தியாசம் தெரியும்லா."

"எங்க தூரம்? பக்கத்து நாற்காலியிலதானே உட்காந்திருந்த?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு ரசத்தைத் தாளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் தீர்ப்பு வந்தது. "வகுப்புல யார் வேணாலும் கையத் தூக்கலாம். நீங்க மட்டும் தூக்கக் கூடாது மாமா. கையத் தூக்காம பேசவும் கூடாது. கேக்காம எந்திரிக்கவும் கூடாது."

"அப்ப நான் என்னதான் செய்யலாம்?"

"கவனிக்கலாம்."

கவனித்தேன் அக்கா. வாரக்கணக்கில் கையை சுவெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு, நாட்டின் எல்லையைக் காப்பவன் போலக் கவனித்தேன். மூக்கு அரித்தால்கூடத் தோளில் தேய்த்துக்கொண்டேன். ஆனால் என்னைத் தவிர ஒருவரும் அட்டையை மதிக்கவில்லை. பேசுவதானால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கையைத் தூக்குங்கள் என்றால், "அது கங்காணி வேலைலா, நாம தூக்குனா நல்லாவா இருக்கும்" என்றார்கள். வரிசை என்றால் கூட்டமாக நின்று, வரிசை எங்கே என்று கேட்டார்கள். தவமலர் பாதிப் பாடத்தில் பாடு பட்டாள், மீதிப் பாதியில் பாட்டுப் பாடினாள்.

இந்த நிலையில்தான் இந்த வகுப்புகளை நடத்தும் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வரப்போகும் சேதி வந்தது. புவனேஸ்வரன் என்று பெயர். வகுப்பில் ஒழுங்கு இருக்கிறதா, யாராவது ஒரு எழுத்தாவது படித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் இங்கே மூடிவிட்டு டவுனுக்கு மாற்றிவிடுவார்களாம். டவுனுக்கு எங்கள் ஆட்கள் போக அந்த நேரத்தில் பஸ் கிடையாது. தனுஜாவையும் வேறு எங்கோ அனுப்பிவிடுவார்கள். அன்று இரவு அன்பரசி சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, "இந்தப் புள்ளயும் போயிட்டா நீங்களும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டுதானே உட்காந்திருக்கணும்" என்றாள். அவள் முகத்தை நான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னதில் விஷயம் இருந்தது.

அதிகாரி வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கியா பார்ம் சாலையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் கோலாலம்பூர் வரை நிற்பதாகப் போன் வந்தது. காத்திருந்த நேரத்தில் எல்லாருக்கும் குளிர். அன்பரசி பெரிய ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்திருந்தாள். அவள் அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகும் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் பெரும்பகுதியை நானே குடித்து முடித்தேன்.

ஒருவழியாக வந்தார். வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்தார், தாளைப் பிரித்தார். தனுஜா பாடத்தைத் தொடங்கினாள். அவ்வளவுதான், சந்தை கூடிவிட்டது. ஒருத்தி அதிகாரியின் சொந்த ஊர் எது என்றாள், ஒருத்தி கல்யாணம் ஆகிவிட்டதா என்றாள், ஒருத்தி அதற்குப் பதிலை அவளே சொன்னாள், தவமலர் ஜொகூரிலிருக்கும் பேத்தியைப் போனில் வரவழைத்து "பாரு, ஆபீசர் மாமா" என்று காட்ட, பேத்தி அதிகாரிக்கு நாக்கை நீட்டினாள். தனுஜா "வரிசை, அமைதி, கையைத் தூக்குங்க" என்று சொல்லச் சொல்ல அவளுடைய குரல்தான் சின்னதாயிற்றே தவிர சத்தம் சின்னதாகவில்லை. அதிகாரி மஞ்சள் அட்டையை மேலிருந்து கீழ் வரை படித்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார். உன் மகள் மார்க்கர் பேனாவை மூடினாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

அக்கா, சரித்திரத்தில் சில நேரங்கள் ஒரு மனிதனின் கையை நம்பி நிற்கின்றன. தடை எனக்குத் தெரியும். தண்டனை தெரியும். எல்லாவற்றையும் எடைபோட்டு, கூட்டத்தின் நன்மை ஒன்றையே கருதி, சுவெட்டர் பையிலிருந்து வலது கையை எடுத்து உயர்த்தினேன்.

சத்தம் கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. எழுந்தார்கள். வரிசை விழுந்தது. அப்படி ஒரு வரிசையை ராணுவத்தில் பார்த்தால் தளபதியே அழுதுவிடுவான். வாசலில் இந்த முறை தராசு இல்லாவிட்டாலும் மேஜை இருந்தது, மேஜைக்குப் பின்னால் எழுதுகோலோடு ஓர் ஆள் இருந்தார். நிறுவைக்கு அது போதாதா. முன்னால் நின்ற தவமலர் கூடையை இறக்கிவைப்பதுபோல் போனை அவர் முன்னால் இறக்கிவைத்தாள்.

"என்னங்கம்மா இது?" என்றார் அவர்.

நிறுவையில் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொன்னாள். "இன்னிக்கு நான் பறிச்சது சார்."

அவருக்கு விளங்கவில்லை. போனைப் பார்த்தார். அதில் கிளினிக்கிலிருந்து வந்த புதுச் சேதி இருந்தது. "இத உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். தவமலர் ஒற்றைக் கண்ணைப் போனுக்குள்ளேயே விட்டுவிடுவதுபோல் குனிந்தாள். "ரா...பு. ராபு. புதன்கெழம சார். கண்ணு ஆபரேசன். இத நான் அழிக்கல." ஜன்னல் பக்கம் நின்ற உன் மகள் திரும்பினாள். அடுத்தவள் போனை வைத்தாள், மின்சாரம் நிற்கும் நாளைப் படித்தாள். அதற்கடுத்து அன்பரசி. எல்லாரும் அன்றன்றைக்குப் பறித்ததை இறக்கிவைத்தார்கள். அதிகாரி எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். வரிசை கதவை முழுவதுமாக அடைத்துக்கொண்டிருந்தது என்பதை வெறும் தகவலாக இங்கே குறிப்பிடுகிறேன். அப்போது என் உள்மனம், வேலப்பா, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்றது. மறு கையையும் உயர்த்தினேன்.

கொட்டகையே தரையில் உட்கார்ந்தது. முந்தானையும் துண்டும் தலைக்கு மேல். அதிகாரி என்ன ஏது என்று கேட்கவில்லை, மேஜைக்கு அடியில் பாதி போய்விட்டார். நான் அவர்களுக்கு மேலாக, கண்ணியமாகவும் அதே சமயம் வேகமாகவும் அடியெடுத்து வைத்து வெளியே சென்று, சூழ்நிலையை ஆராய்ந்து, சற்று நேரம் கழித்து மிகுந்த மன அமைதியோடு திரும்பினேன். உள்ளே அதிகாரி முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மண்சரிவுக்குக்கூட பயிற்சி குடுத்திருக்கீங்களா டீச்சர்? வேற எங்கயும் நான் இப்படிப் பாத்ததில்ல."

உன் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எதிர்பார்ப்புல அதுவும் ஒண்ணு சார்" என்றாள்.

வகுப்பு அடுத்த வருஷமும் இங்கேயேதான். தனுஜாவும் இங்கேயேதான். அதிகாரி அவளைப் புகழ்ந்தார், கூட்டத்தைப் புகழ்ந்தார், மஞ்சள் அட்டையைப் படம் பிடித்துக்கொண்டார். என்னை? "கடைசில ஓடினாரே, அவரு கொஞ்சம் பயந்த சுபாவமோ?" என்று கேட்டாராம். இதற்கெல்லாம் உன் மகள் எனக்குச் செய்த மரியாதை, என்னை வாத்தோடு சேர்த்துப் பின்வரிசை மூலைக்கு மாற்றியது. ஆகவே அக்கா, பெற்றவள் என்ற முறையில் நீ அவளுக்குக் கண்டிப்பாக எடுத்துச் சொல்ல வேண்டியவை: வகுப்பைக் காப்பாற்றியது யார் என்பதை அட்டையில் கடைசியிலாவது எழுத வேண்டும், கையைத் தூக்கும் உரிமையைத் திருப்பித் தர வேண்டும், கைப்பிடி வைத்த பெரிய நாற்காலி ஒன்று எனக்கென்று போட வேண்டும். இல்லையேல் இனி அந்தக் கொட்டகை வாசலை மிதிக்க மாட்டேன். இது மலை மேல் சத்தியம்.

தீபாவளிக்கு மேலே வா. குளிர் உன் முழங்காலைப் பார்த்துப் பயப்படும். மச்சானுக்கு என் வணக்கத்தையும், உங்கள் வீட்டு மாமரத்துக்கு என் ஆசீர்வாதத்தையும் தெரிவி. குலம் செழிக்க, கொசு ஒழிக.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி,
மலைச் சிங்கம் வேலப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் அன்பரசிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்து முடித்து, "உண்மைய எழுதுங்கலா. இல்லாட்டி நானே அண்ணிக்குப் போன்ல எழுதி அனுப்புவேன், இப்ப எனக்குத் தெரியும்" என்கிறாள். படிப்பு பெண்களை இப்படித்தான் கெடுக்கிறது. ஆகவே சுருக்கமாக: அதிகாரி முன்னால் தூக்கிய முதல் கை, கழிப்பறைக்கு அனுமதி கேட்டுத் தூக்கியது. இரண்டாவது கை, இனி அனுமதிக்குக் காத்திருக்க முடியாது என்பதால் தூக்கியது. தனுஜாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம், அவளுக்கு அப்போதே தெரியும். மணி ஆகிறது, வகுப்புக்குப் போக வேண்டும், தாமதமாகப் போனால் வெளியே நிற்க வைப்பாள். பெரிய நாற்காலியும் வேண்டாம். வாத்து நாற்காலியே போதும். அதைக் கதவுக்குப் பக்கத்தில் மட்டும் போடச் சொல்.