டெலீட் அண்ணன் ஏற்றிய வேகம்

டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கம்ப்யூட்டர் வைத்திருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நன்றாக ஓடுகிற மிஷினைப் பார்த்தால் டெலீட் அண்ணனுக்குத் தூக்கம் வராது என்று. கெட்டுப்போன மிஷினைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது.

டோல்கேட் பக்கத்துச் சந்து ஒன்றில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மிஷினைப் போட்டதும் டெலீட் பட்டனைத் தடதடவென்று தட்டி, பயாஸ் என்கிற நீலத் திரைக்குள் நுழைந்துவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம். உள்ளே போனதும் கீபோர்டின் மேல் கர்ச்சீப்பைப் போர்த்தி, யாருக்கும் தெரியாமல் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்குவார். அதுவரை இல்லாத வரிகள் திரையில் முளைக்கும். புராசசரின் வேகத்தைக் கூட்டுவது, வோல்டேஜை ஏற்றுவது எல்லாம் அங்கேதான்.

"கம்பெனிக்காரன் ஒளிச்சு வெச்சிகிறான் நைனா. அவன் ஒளிச்சா நாம தேடக்கூடாதா?"

வேகம் கூடினால் சூடும் கூடும். காசிமேட்டிலிருந்து மீன் பெட்டியில் ஐஸ் கொண்டுவந்து, மூடி கழற்றிய மிஷினுக்கு எதிரே வைத்து, பின்னாலிருந்து டேபிள் ஃபேனைப் போடுவார். மெட்ராஸிலேயே பூனைகள் தவறாமல் வந்துபோன பிரவுசிங் சென்டர் அது ஒன்றாகத்தான் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் உள்ளே தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். மிஷின் தகராறு செய்யாமல் ஓடினால் முகம் வாடிவிடும். இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாமே என்ற வருத்தம்.

இதெல்லாம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, என் பிளஸ் டூ ரிசல்ட் நெருங்கும்வரை. கணக்குப் பரீட்சையில் கடைசிக் கேள்விகளைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் நான். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து டோல்கேட்டில் மளிகைக் கடை போட்டிருந்த அப்பா தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"பெயிலானா மறுநாளே கடையில வந்து நில்லுலே. படிச்சுக் கிழிச்சது போதும்."

எனக்கோ காலேஜ் ஆசை. அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் இருக்கப் பயந்து அண்ணனின் சென்டர் மூலையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ரிசல்ட் அன்று காலை சந்து கொள்ளாத கூட்டம். இண்டர்நெட் இருந்ததோ ஒரே மிஷினில். அண்ணன் என்னை முதல் ஆளாக உட்கார வைத்தார்.

"உனுக்கோசரம் ஸ்பெஷலா ஏத்திகீறேன் நைனா. பிச்சிகினு போவும் பாரு."

"அண்ணே, இன்னிக்கு வேணாண்ணே. பழையபடியே வச்சிருங்க."

"இன்னாத்துக்குப் பயப்புட்றே? நம்பர அடி."

ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். கடைசி எண்ணைத் தட்டினேனோ இல்லையோ, திரை கறுத்துப்போனது.

கூட்டம் ஓவென்று கத்தியது. கடையை அப்படியே விட்டுவிட்டு அப்பாவும் வந்து என் பின்னால் நின்றிருந்தார். "என்னலே, பெயிலானா கம்ப்யூட்டரே அணைஞ்சிருமோ?"

அண்ணன் டெலீட்டைத் தட்டினார். திரை அசையவில்லை. திறந்தே இருந்த மிஷினுக்குள் குனிந்து, போர்டில் இருந்த வட்ட பேட்டரியை நெம்பி எடுத்தார். அதை எடுத்தால், ஏற்றிய வேகத்தையெல்லாம் மிஷின் மறந்துவிடுமாம்.

"கம்முனு இரு நைனா. அது மறக்கறதுக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும்."

அது மறப்பதற்குள் நான் மனசுக்குள் அரிசி மூட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். மறந்து முடித்ததும் பேட்டரியைக் காணோம். சட்டைப் பையில் தேடினார், மேசைக்கடியில் தேடினார், ஐஸ் பெட்டிக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினார். "பேஜாராப் பூடுச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையிலிருந்தே பேட்டரி விழுந்தது.

மிஷின் பழைய வேகத்தில் எழுந்தது. மோடம் கீச்சிட்டது. பக்கம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. தமிழ். ஆங்கிலம். இயற்பியல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் தோளைப் பிடித்து உலுக்கியது அப்பாவின் கை. கணக்கில் பாஸ், ஏதோ ஒட்டிக்கொண்ட பாஸ். அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கடையைப் பார்க்கப் போனார்.

கூட்டம் வடிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. "போன் லைன்ல வர்ற ரிசல்ட்டுக்கு புராசசர ஏத்தி இன்னாண்ணே ஆவப்போவுது?"

"தெர்யும் நைனா. மிஞ்சிப்போனா ஒரு செகண்டு கொறையும்." அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒரு வாரமா துன்னாம கொள்ளாம பயந்துகினே குந்திகினு இருந்தியா, பாக்க முடில. அந்த ஒரு செகண்டாவது உனுக்கு மிச்சமாவட்டுமேன்னுதான்."

கோபம் போன இடம் தெரியவில்லை. தைரியமாக இரு என்று எனக்கு அந்த வாரம் நிறையப் பேர் சொன்னார்கள். என் பயத்திலிருந்து ஒரு செகண்டை எடுத்துவிடப் பார்த்தவர் டெலீட் அண்ணன் மட்டும்தான்.