நொதியக்காவின் கருத்தரங்கம்

ஜூலை பதினேழாம் தேதி, காலை ஐந்து ஐம்பது. விடுதியில் பல்துலக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "ஏட்டி, நீ இலக்கியம்தானே? இதயம் ஏன் தளந்துபோவுதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். அன்று தொடங்கியது என் துன்பம். மனித இதயத்தைக் களைப்படையச் செய்வதில் எந்த நொதியையும் விஞ்சியவர் எங்கள் நொதியக்கா.

அவருடைய இயற்பெயரை விடுதிக் காப்பாளர் மட்டுமே அறிவார். குலசேகரத்துக்காரர். உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வாளர். இதயச் செயலிழப்பில் பங்கேற்கும் ஒரு நொதியே அவருடைய ஆய்வுப் பொருள். கேட்பவர் தலையசைக்காமல் அவரால் அடுத்த வாக்கியத்துக்குப் போக இயலாது. "மனசிலாச்சா?" என்பார். இல்லை என்றால் முதலிலிருந்து தொடங்குவார். ஆயிற்று என்றால், மகிழ்ந்துபோய் முதலிலிருந்து தொடங்குவார்.

சாம்பார் ஊற்ற வந்தவரிடம் ரத்தக்குழாய் சுருங்கும் விதத்தை விளக்கினார். அன்று எங்கள் மேசைக்குச் சாம்பார் வரவில்லை. இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஆட்டோ ஓட்டுநரிடம் விளக்கினார், ரயில் போய்விட்டது. எனக்குக் காய்ச்சல் கண்டபோது கட்டிலருகே அமர்ந்து, ஓய்வின் அவசியத்தைப் பிற்பகல் முழுவதும் விளக்கினார். நான் கண்ணயர்ந்தபோதெல்லாம் தட்டி எழுப்பினார். அதன்பின், அவர் வரிசையை விட்டு அகன்ற பிறகே பல்துலக்க இறங்கினேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் நடத்தவேண்டிய கருத்தரங்கம் வந்தது. அதில் தேறாவிட்டால் அவருக்கு ஆறு மாதத் தாமதம். எங்களுக்கு ஆறு மாதச் சிறை. முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் என் இயல்புப்படி கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

முதல் படத்தைக் காட்டி, "மனசிலாச்சா?" என்றார். எதிரே இருந்தவர்கள் பேராசிரியர்கள், அவர்கள் தலையசைப்பதில்லை. எனவே முதலிலிருந்து தொடங்கினார். பிறகு மறுபடியும். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றது இங்க யாருக்காவது புரியுதாம்மா?" என்றார்.

நொதியக்காவின் முகம் வெளுத்தது. கண்கள் வரிசை வரிசையாகத் துழாவி என்னைக் கண்டுபிடித்தன.

"அந்தா கடைசியில இருக்கா பாருங்க சார், இலக்கியம் படிக்கியவ. அவளுக்கு மனசிலாச்சு. எழும்பிச் சொல்லு மக்கா."

வருகைப்பதிவுக்கு அப்பால் என் சொந்த வகுப்பிலேயே நான் வாய் திறந்ததில்லை. எழுந்தேன். தளர்ந்த இதயம் குறைவாகவே ரத்தத்தை அனுப்புகிறது. உடல் அதை ரத்த இழப்பென்று தவறாக எண்ணிக்கொள்கிறது. அந்த நொதி உதவிக்கு விரைந்து, குழாய்களைச் சுருக்கும் பொருளை உண்டாக்குகிறது. சுருங்கிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் இன்னும் பாடுபட்டு இன்னும் தளர்கிறது. ஆக, உதவி செய்தே ஓய்த்துவிடும் என்று முடித்தேன். அப்போது யாரை நினைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தேர்வாளர் மகிழ்ந்துபோய், அந்த நொதியைத் தடுத்தால் சிறுநீரகம் என்னவாகும் என்று என்னிடமே கேட்டார்.

"அவகிட்ட எதுக்கு சார் கேக்கிய?" என்றார் நொதியக்கா. "தீசிஸ் எனக்கதாக்கும்."

கோபம் வந்ததும் அச்சம் விலகிவிட்டது. கேட்ட கேள்விக்கும் கேளாத கேள்விக்கும் விடை சொன்னார். 'மனசிலாச்சா' ஒருமுறைகூட வரவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று தேர்வாளர் எழுந்தே சொன்னார்.

வெளியே நொதியக்கா தேநீர்க் கோப்பையுடன் என்னிடம் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நான் விளக்கியதில் நடுவே ஒரு படி விட்டுப்போயிற்றாம். முதலிலிருந்து தொடங்கினார். வகுப்பைச் சாக்காகச் சொல்லித் தப்பினேன்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்குப் பல்துலக்கும் வரிசையில் அவருக்குப் பின்னால் போய் நின்று, விட்டுப்போன அந்தப் படி என்னவென்று நானே கேட்டேன்.