ரமணி திறந்த திரை

மனித குலம் இதுவரை கண்ட சாட்சிகளிலேயே உத்தமமானது யூனிக்ஸ் கணினிதான். லஞ்சம் வாங்காது, பல்டி அடிக்காது. மாதாப்பூரிலுள்ள எங்கள் அலுவலகத்தில் அதன் மகிமையை நேரில் தரிசித்த விசாரணைக் கமிட்டி உறுப்பினன் என்ற முறையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

எங்களிடம் ஓர் உயரிய 'குழுப் பண்பாடு' உண்டு. நகரின் மறுகோடியான அல்வாலிலிருந்து முதல் பஸ் பிடித்து வரும் ஒப்பந்த ஊழியர் ரமணி, சர்வர் அறைத் திரையில் தன் பெயரில் லாகின் செய்து வைப்பார். பிறகு வரும் மேலாளர் ஜகதீசன், தனியாக லாகின் செய்யும் சிரமம் எதற்கென்று, அதே திரையில் அட்மின் பாஸ்வேர்டைப் போட்டு சகல அதிகாரமும் பெற்றுக்கொள்வார். அந்தப் பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் திரையிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் மொத்தத் தகவலும் அழிக்கப்பட்டது. உடனே கமிட்டி கூடியது. தலைவர், ஜகதீசன்.

யாருடைய அதிகாரத்தில் அழிக்கப்பட்டது என்று யூனிக்ஸைக் கேட்டோம். "அட்மின்" என்றது.

"அட்மின்ங்கிறது பதவிங்க. பதவியை எப்படி வேலைய விட்டுத் தூக்கறது?" என்றார் தலைவர். ஆழமான கருத்து.

சரி, அந்தத் திரையில் முதலில் லாகின் செய்தவர் யார்? "ரமணி" என்றது.

ரமணி வரவழைக்கப்பட்டார்.

"நான் அப்போ கேன்டீன்ல இருந்தேன் சார். கைக்கு? ஏன் என்மேல பழியப் போடறீங்க? அட்மின் பாஸ்வேர்டே எனக்குத் தெரியாதே!"

"பாஸ்வேர்டு கம்பெனி ரகசியம்மா. கமிட்டியில அதைப் பத்திப் பேசறதே குத்தம்" என்றார் தலைவர்.

"வீட்ல நான் ஒருத்திதான் சார் சம்பாதிக்கறேன்."

"நாங்களா சொல்றோம்? மெஷின் சொல்லுதும்மா."

அந்தத் தர்க்கத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. ஏகமனதாகக் கையெழுத்திட்டோம். ரமணி அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதனால் டீயில் கொஞ்சம் கூடுதலாகச் சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

மறுநாள், சர்வர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஷர்மிளா வந்து, "சார், ரமணியோட லாகினை எடுத்துடவா?" என்று கேட்டார்.

ஜகதீசன் பதறிவிட்டார். "ஐயோ, எடுத்துடாதீங்க! அந்தத் திரை அப்படியே திறந்திருக்கட்டும். நாளைக்கும் ஏதாச்சும் அழிஞ்சா, மெஷின் சொல்றதுக்கு ஒரு பேர் வேணுமில்லீங்களா?"

கமிட்டி இதையும் ஏகமனதாக ஏற்றது. யூனிக்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த வேலைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.