பல் வைத்தியரின் பறவைகள்

பறவை அபிமானி என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கழுத்தில் தொலைநோக்கி, சட்டைப் பையில் குறிப்பேடு, உதட்டின்மேல் விரல். அந்த விரல்தான் முக்கியமான அடையாளம். அவர் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று சொல்ல நீங்கள் ஓடிப்போனாலும் முதலில் "உஷ்" என்பார்.

நமக்கு வாய்த்திருப்பவர் ஒரு பல் வைத்தியர். அவர் வீட்டு முன்னறைதான் சிகிச்சை அறை. ஜன்னலுக்கு வெளியே தோட்டம். இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு உண்டா? மற்ற அபிமானிகள் எல்லாம் தங்கள் பேச்சைக் கேட்க ஆள் தேடி அலைகிறார்கள். இவருக்கோ வாயைப் பிளந்துகொண்டு, கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு, மறுத்துப் பேச வழியில்லாதவர்கள் அரை மணிக்கு ஒருவராக வந்து படுக்கிறார்கள். கடைவாய்ப் பல்லைப் பாதி குடைந்த நிலையில் கை நின்றுவிடும்.

"அதோ, தேன்சிட்டு. பொண்ணு. ஆண் பின்னாலயே வரும் பாருங்க."

"ஆ..." என்பார் நோயாளி.

"எனக்கும் அப்படித்தாங்க இருக்கும்."

வெயில் காலத்தில் மைனா குளிப்பதைப் பார்த்து உருகுவார். மழைக் காலத்தில் நனைந்த சிட்டுக்குருவிக்காகப் பெருமூச்சு விடுவார். பனிக் காலத்தில் வெளியூர்ப் பறவை எதுவாவது வந்து இறங்கினால், பேரன் பிறந்த செய்தியைப் போல உறவுக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வார். கொண்டைக்குருவி கூடு கட்டும் மாதத்திலோ வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, கதவு சத்தம் போடக்கூடாது, தும்மல் வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தும்ம வேண்டும். "அதுங்களுக்கு என்னை நல்லா அடையாளம் தெரியும்" என்பது அன்றாடம் அவர் சொல்லும் வாக்கியம். தோட்டத்துக்குள் மட்டும் அவர் இறங்கியதில்லை. காலையில் அங்கே ஈரம். சளி பிடிக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. ஊரில் பறவை பார்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அதன் தலைவர் நாற்காலி காலியாகியிருந்தது. நம்மவருக்கு அதன்மேல் ஒரு கண். "ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் என் தோட்டத்துக்கு வாங்க, இருபத்துமூணு வகை காட்டுறேன்" என்று பதினொரு பேரை அழைத்துவிட்டார். அந்த வாரத் திங்கட்கிழமை, முழங்காலில் அறுவை செய்துகொண்ட தன் தங்கைக்குத் துணையாக அவர் மனைவி புறப்பட்டுப் போனார். புதன்கிழமை பறவைகளும் போய்விட்டன.

வைத்தியருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்காரரை வேலிக்கு அருகில் கூப்பிட்டார்.

"உங்க பூனைதான் எல்லாத்தையும் விரட்டியிருக்கு."

"அதுக்குப் பதினாலு வயசு சார். வாயில ஒரு பல்லு கிடையாது. நம்பலைன்னா நீங்களே திறந்து பாருங்க."

திறந்து பார்த்தார். இல்லை. வேறு வழியின்றி மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒண்ணுகூட வரலை. அதுங்களுக்கு என்மேல என்ன கோவம்னே தெரியலை."

"தொட்டியில தண்ணி இருக்கா?"

"எந்தத் தொட்டி?"

 அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: செம்பருத்திக்குக் கீழே மண் தொட்டி, தினமும் தேய்த்துக் கழுவி நிரப்ப வேண்டும், தினை டப்பா சமையலறைக் கதவுக்குப் பின்னால், செடியில் புழு இருந்தால் மருந்தடிக்க வேண்டாம், அது குஞ்சுகளுக்கு. இருபது வருடமாக நடக்கிற வேலை. குறிப்பேட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை.

நம்மவர் படித்தவர் இல்லையா? வெறும் தண்ணீரில் கிருமி இருக்காதா? நோயாளிகளுக்கு வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் இளஞ்சிவப்பு மருந்தில் இரண்டு பாட்டிலைத் தொட்டியில் கலந்துவிட்டார். ஒரு மைனா வந்தது. அலகை நனைத்தது. தலையை உதறிக்கொண்டு போனதுதான், மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டது போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை காகம்கூட எட்டிப் பார்க்கவில்லை. அன்று பல் பிடுங்க வந்தவர்கள் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை. பாவம், வைத்தியருக்கு நிஜமாகவே சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மனைவி திரும்பினார். பையை வைத்த கையோடு தொட்டியைக் கவிழ்த்து, தேய்த்து, நிரப்பி, தினையை இறைத்தார். ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் பறவைகளின் கல்யாணக் கூட்டம். பதினொரு பேரும் எண்ணி முடித்த கையோடு அவரையே தலைவர் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

"என் குரலைக் கேட்டாப் போதும், வந்துடும்" என்றார் வைத்தியர், கொஞ்சமும் கூசாமல்.

தேநீர்த் தட்டோடு வந்த மனைவியிடம் சங்கத்துப் பெண்மணி ஒருவர் கேட்டார்: "உங்களுக்கும் பறவையில ஆர்வம் உண்டாம்மா?"

வைத்தியர் முந்திக்கொண்டார். "அவளுக்கு இதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?"

"நேரமே கிடைக்கலதான்" என்றார் அந்த அம்மாள், கோப்பையைக் கணவர் கையில் கொடுத்தபடி. "தங்கச்சிக்கு இன்னொரு கால் பாக்கி இருக்கு. வர்ற மாசம் முழுக்க அங்கதான் இருப்பேன். இங்கதான் உங்க குரல் இருக்கே."

புதிய தலைவருக்குத் தேநீர் புரையேறியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் தொலைநோக்கி இல்லை என்கிற தைரியம். சரி, வரவேற்பறையில் மீன்தொட்டி? மாடியில் நாலு ரோஜாச் செடி? விருந்தாளிகளிடம் "இதெல்லாம் நான் வளர்க்கிறது" என்று சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால், வீட்டில் யார் எப்போது ஊருக்குப் போகப் போகிறார்கள் என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.