அத்தையின் தலையும் மாமாவின் பெயரும்

எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் அதை யார் மீதாவது பிரயோகித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கல்யாணமான புதிதில், கடலூரில் எங்கள் கம்பெனியில் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். அதில் தலையில் அடிபட்டவரைக் கவனிக்கும் பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. தேய்க்காதே, ஆட்டாதே, ஐஸ் வை, கேள்வி கேள். பதில் குழறினாலோ, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிந்தாலோ உடனே 108. அன்றிலிருந்து எதிரே வருகிறவர்களின் தலையை ஒரு மாதிரி ஆவலோடு பார்க்க ஆரம்பித்தேன். (யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. லேசாக ஓர் இடி, அவ்வளவுதான்.)

வாய்ப்புத் தந்தவர் சிதம்பரத்தில் இருக்கும் என் மாமியார். நாங்கள் அங்கே போயிருந்த ஒருநாள், மாமாவும் என் மனைவி கவிதாவும் மார்க்கெட் போயிருந்தார்கள். கீழே விழுந்த பூண்டைக் குனிந்து எடுத்து நிமிர்ந்த அத்தையின் உச்சந்தலையில், திறந்திருந்த அலமாரிக் கதவின் முனை இடித்தது. சத்தம் ஹால் வரை கேட்டது.

ஓடினேன். அத்தை உள்ளங்கையால் பரபரவென்று தேய்க்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். (மாமியார் கையை மருமகன் பிடிப்பது அந்த வீட்டில் அதுவே முதல் தடவை.) உட்காரவைத்து, துணியில் ஐஸ் சுற்றி வைத்துவிட்டுப் பரீட்சையை ஆரம்பித்தேன். தன் பெயரைச் சரியாகச் சொன்னார். கிழமையும் சரி. மூன்றாவதாக, மாமா பெயர் என்ன என்று கேட்டேன்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது தெருப்பக்கம் கையைக் காட்டினார்.

“அதோ, ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டு நிக்கிறாரே, அவருதான்.”

திரும்பிப் பார்த்தேன். தெருவில் ஒரு மாடு மட்டும் நாலு காலிலும் நின்றது.

எங்கள் வீட்டில் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், பாதி நேரம் அதட்டலாக. புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாமாவின் பெயர் நடராஜன் என்பது தெரியும். ஆனால் சிதம்பரத்தில் காலைத் தூக்கி நிற்பவர் யார் என்பது அந்த நிமிடம் என் மண்டையில் ஏறவில்லை. அடிபட்டது யார் மண்டையில் என்றே சந்தேகம். நிஜமாகவே பயந்துவிட்டேன். அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கவிதா முகத்தில் எப்படி விழிப்பேன்? 108-ஐக் கூப்பிட்டேன்.

வண்டி வந்தது. பின்னாலேயே தெருவும் வந்தது. வண்டியில் வந்த பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எதற்கும் அந்தக் கேள்வியைத் தானும் ஒரு தடவை கேட்டார். அத்தை ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“நடராஜன். போதுமா மாப்ள? நடராஜன், நடராஜன்.”

மாமா அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மனைவி வாயால் தன் பெயரைக் கேட்டவர், காய்கறிப் பையை ஆம்புலன்ஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

பரிசோதித்ததில் வெறும் வீக்கம்தான். வாந்தி, மயக்கம் வருகிறதா என்று ஒருநாள் கவனிக்கச் சொன்னார்கள். கவிதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மாமா மட்டும் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தக் கேள்விய இன்னொரு தடவ எப்ப கேப்பீங்க மாப்ள?”

இன்றைக்கும் நாங்கள் போயிருக்கும்போது சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தால் போதும், உங்கள் அத்தைக்கு அடிபட்டிருக்கும், போய்க் கேளுங்கள் என்று மாமா என்னைக் கிளப்பிவிடுவார். தனக்கு ஒன்றுமில்லை என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வரும். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மாமா இன்னும் நம்பிக்கையை விடவில்லை.