டம்ளர் அண்ணாச்சியும் என் தண்ணீர்ப் பெட்டியும்

உலகத்துத் தண்ணீருக்கெல்லாம் தன்னைத்தான் காவல் வைத்திருக்கிறார்கள் என்று நம்பியவர் எங்கள் டம்ளர் அண்ணாச்சி. சிவகாசியில் நான் மேனேஜராக இருந்த காலண்டர் அச்சகத்தில் அவர் ஸ்டோர் கீப்பர். யாராவது டம்ளரில் மிச்சம் வைத்தால் தொலைந்தார்கள். "குடிச்சு முடிங்க, இல்லன்னா இங்கன குடுங்க" என்று கையை நீட்டி, வாங்கிப் பாட்டிலில் சேர்த்துக்கொள்வார். மதுரை வியாபாரி ஒருவர் மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். அதற்குள் டம்ளர் பறிபோய்விட்டது.

ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவோம். வியாபாரிகள் திரண்டு வருவார்கள். அதற்குள் வாசல் புல்தரை பச்சையாக வேண்டும் என்றார் முதலாளி. நான் விஷயம் தெரிந்தவன், அதாவது யூடியூப் பார்ப்பவன்.

"ஒரு பெட்டி மாட்டுனா போதும் மொதலாளி. மண்ணுல குத்துன சென்சார் ஈரத்தச் சொல்லும். மழ வருமா, வெயில் எம்புட்டுன்னு இன்டர்நெட் சொல்லும். ரெண்டையும் பாத்துப் பெட்டியே வால்வைத் தொறக்கும், மூடும்."

"புல்லு காஞ்சுதுன்னா பெட்டியோட நீயும் கெளம்பிரு."

பெட்டி விற்றவர்கள் இடத்துக்கு இடம் ஒரு சென்சார் வைக்கச் சொன்னார்கள். எல்லாம் ஒரே மண்தானே என்று நான் ஒன்றே ஒன்றை வாங்கி, ஸ்டோர் பக்கத்து வேப்பங்கன்றின் அடியில் குத்தினேன். தினமும் குனிந்து பார்ப்பேன்.

ஆனி வெயிலில் புல் மஞ்சளானது. பெட்டியோடு இணைத்திருந்த என் போனோ 'ஈரம் போதும்' என்றது. நான் கண்ணை நம்பாமல் போனை நம்பினேன். "மேலதான் மஞ்சள், வேரு குளுகுளுன்னு இருக்கு" என்று முதலாளியிடம் அடித்தும் விட்டேன்.

ஒரு மத்தியானம் பார்த்தால், அண்ணாச்சி சென்சார் தலையில் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்!

"ஐயையோ, என்ன அண்ணாச்சி பண்ணுறீக?"

"நீங்கதான தெனமும் குனிஞ்சு பாத்துட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டுப் போறீக? தெர்மாமீட்டர் வேற குத்தி வச்சிருக்கீக. கன்னுக்கு ரொம்ப முடியல போலன்னு நெனச்சேன்."

அடக்கடவுளே! கன்று வயிறு முட்டக் குடித்ததை வைத்துப் பெட்டி புல்தரை முழுவதையும் பட்டினி போட்டிருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு அண்ணாச்சிக்கும் அதை விளக்கினேன். போன வாரமே கன்றடி மண்ணில் கை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்தால் நான் எப்படி மேனேஜர்?

"புல்லு ஏன்யா காஞ்சுது?" பின்னால் முதலாளி நின்றார். வேலை போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணாச்சிதான் முன்னால் வந்தார். "தப்பு என்னுதுதான் மொதலாளி. அந்தச் சென்சார் மேல தண்ணி ஊத்தாதீகன்னு இவுக தலதலயா அடிச்சுக்கிட்டாக. நான்தான் கேக்கல."

முதலாளி அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஊற்றாதீர்கள் என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்காக அப்படி ஒரு பொய்யை என் கூடப்பிறந்த அண்ணன்கூடச் சொன்னதில்லை.